மாடிக்கு ஒரு ரகம், மலைக்கு வேறொரு ரகம்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் மொட்டை மாடியில் எட்டுப் பைகளில் தக்காளி வளர்க்கிறேன். போன மாசியில் ஆன்லைனில் வாங்கிய வெளிநாட்டுக் கலர் தக்காளி விதை போட்டேன். செடி ஆள் உயரம் வளர்ந்தது. பூ கொத்துக் கொத்தாக வந்து அப்படியே கொட்டிவிட்டது. தப்பிய நாலைந்து காயும் அடிப்பக்கம் கறுத்துப்போயின. முட்டை ஓடு, எப்சம் உப்பு எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஏற்காடு நாகலூரில் அம்மா வீட்டில் அதே விதையை ஆடியில் நட்டோம். ஒரே வாரத்தில் வெந்நீர் ஊற்றியதுபோல் இலையெல்லாம் கருகிவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் அங்கே வேறு நாற்று வாங்கி வைத்தோம். அது பச்சையாக நின்றபடியே வாடிச் செத்தது. எங்கள் வீட்டில் ரசத்துக்குப் புளிப்பான தக்காளிதான் வேண்டும். எந்த ரகம் போடலாம்? ஹைபிரிட் போட்டால் தப்பா? விதை எடுத்து வைக்க முடியுமா?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்களிடம் இருப்பது இரண்டு தோட்டம். அம்மாபேட்டை கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைத் தொடாத சமவெளி. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடுகிறோம் என்பதால் நமக்கு அது பக்கத்து ஊர். தக்காளிச் செடிக்கு அப்படி இல்லை. மாடியில் உங்கள் செடியைக் கெடுத்தது சூடு; மலையில் கெடுத்தது ஈரம். இரண்டையும் ஒரே விதைப் பாக்கெட்டால் சமாளிக்க முடியாது. அதனால் ரகத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் மாதத்தைப் பேசிவிடுகிறேன். மாதம் சரியாக அமைந்துவிட்டால் ரகம் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான்.

முதலில் மாடி. மாசியில் விதை போட்டால் சித்திரையில் பூ வரும். சேலத்துச் சித்திரையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தக்காளிப் பூ காயாக மாற இரவில் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் நல்லது. பகலில் 35ஐத் தாண்டி, இரவிலும் 24, 25க்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் வீணாகிவிடும். அடுத்த முறை பூ கொட்டினால் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் மஞ்சளாக ஒரு கூம்பு இருக்கும். மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதுதான் அது. நல்ல பருவத்தில் சூலகமுடி அந்தக் கூம்புக்குள்ளேயே மறைந்திருக்கும், மகரந்தம் உள்ளுக்குள்ளேயே கொட்டிக் காய் பிடிக்கும். சூட்டில் மலர்ந்த பூவில் அந்த முடி கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் அதன்மேல் விழ வழியில்லை. பிறகு காம்பின் நடுவில் உள்ள கணு மஞ்சளாகி, விரல் பட்டாலே அந்த இடத்தில் கழன்றுவிடும். தேமோர்க் கரைசல், மீன் அமிலம் என்று எதைத் தெளித்தாலும் சித்திரை இரவைக் குளிரவைக்க முடியாது. காசைச் செலவழிக்காதீர்கள்.

சேலம் சமவெளிக்கு விதை போட ஏற்ற காலம் ஐப்பசி. 25 நாள் நாற்றைக் கார்த்திகையில் பைக்கு மாற்றினால் மார்கழிக் குளிரில் பூக்கும், தைப் பொங்கல் தாண்டியதும் பறிக்கத் தொடங்கலாம். பங்குனி வெயில் ஏறுவதற்குள் செடி தன் வேலையை முடித்திருக்கும். இன்னொரு போகம் வேண்டுமென்றால் வைகாசிக் கடைசியில் விதைத்து ஆனிக் கடைசியில் நடலாம். அதில் காய் கொஞ்சம் குறையும், புரட்டாசி மழையில் பழம் வெடிக்கும். முதல் தடவை கார்த்திகை நடவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன்.

இப்போது ரகம். உங்கள் மாடிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1978இல் வந்தது. அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் திடீர் மாற்றத்தைத் தூண்டி உருவாக்கியது. கொஞ்சம் தட்டையான உருண்டைப் பழம், காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றித் தோள்பட்டை கரும்பச்சையாக இருக்கும். சாறும் புளிப்பும் உள்ள பழம், ரசத்துக்குச் சரியாக வரும். கடையில் சிலர் இதையே ‘நாட்டுத் தக்காளி’ என்று எழுதி விற்கிறார்கள். ஹைபிரிட் இல்லை என்ற அளவில் அது சரிதான்.

நான் இதைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் செடியின் அமைப்பு. தக்காளியில் செடி வகை, கொடி வகை என்று இரண்டு உண்டு. செடி வகை ஓர் உயரத்துக்கு வந்ததும் நுனியில் பூ வைத்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், காய் ஓரிரு மாதத்துக்குள் சேர்ந்து வரும். கொடி வகையின் நுனி நிற்காது. வளர வளரப் பக்கக்கிளை கிள்ளி, கயிறு கட்டித் தூக்கிவிட வேண்டும். ஆன்லைனில் விற்கும் பெரிய சதைப்பற்றுத் தக்காளி, கறுப்புத் தக்காளி, வரித் தக்காளி எல்லாம் பெரும்பாலும் கொடி வகை, குளிர்ந்த இரவுள்ள ஊர்களில் தேறியவை, காய்க்கவும் நாள் கூடுதலாக எடுப்பவை. சேலத்தில் அவற்றுக்குக் கிடைக்கும் குளிர்காலம் போதாது. மாடிக் காற்றில் ஆள் உயரச் செடி ஒடியாமல் நிற்பதும் கஷ்டம். பி.கே.எம். 1 செடி வகை. ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டினால் போதும்.

எவ்வளவு காய்க்கும் என்று எதிர்பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ரகம் எக்டேருக்கு 30 முதல் 35 டன் தரும் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. வயலில் 60க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். வகுத்துப் பார்த்தால் செடிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். கவனமாகப் பார்க்கும் பையில் அதைவிடக் கூட வரலாம். ஆனால் ‘ஒரு செடியில் பத்து கிலோ’ என்று காட்டும் வீடியோக்களை வைத்து உங்கள் செடியை எடை போடாதீர்கள்.

பையூர் 1 என்ற ரகமும் நம் பக்கத்து ஆள்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் பூசா ரூபியையும் கோ 3ஐயும் கலந்து எடுத்தது, மானாவாரிக்கென்றே வந்தது. தண்ணீர் ஊற்ற மறந்துவிடும் வீடுகளுக்கு நல்ல ரகம். விதை கிடைத்தால் ஒரு பையில் போட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்று அலைய வேண்டாம்.

எட்டுப் பையில் ஐந்து பி.கே.எம். 1, ஒன்று செர்ரித் தக்காளி, மீதி இரண்டில் என்ன வைப்பது என்பதைக் கீழே சொல்கிறேன். செர்ரி கொடி வகை என்றாலும் விதிவிலக்குத் தரலாம். சூட்டில் பெரிய பழ ரகங்களைவிட நன்றாகக் காய் பிடிக்கும், அடி கறுப்பது அபூர்வம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சமையலறைவரை ஒரு பழம்கூட வந்து சேராது.

இனி அந்தக் கறுத்த அடிப்பக்கம். இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் சேலத்துக்காரர்களுக்கு இது தனி விஷயம். பூ ஒட்டியிருந்த முனையில் முதலில் நீர் கோத்ததுபோல் ஒரு புள்ளி, பிறகு கறுத்து, தோல்போலக் காய்ந்து உள்வாங்கும். இது பூச்சியோ பூஞ்சாணமோ இல்லை. வேகமாகப் பருக்கும் காயின் நுனிவரை சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. மண்ணில் அந்தச் சத்து இருந்தும் போய்ச் சேராமல் இருக்கலாம். ஒரு நாள் பை காய்ந்து, மறுநாள் குளமாக நின்றால் சேராது. தண்ணீரில் உப்பு மிஞ்சினால் சேராது. மக்னீசியம் மிஞ்சினாலும் சேராது, வேர் வாசலில் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உள்ளே நுழையப் பார்ப்பவை.

நம் ஊர் எதற்குப் பேர்போனது? வெள்ளைக்கல்லுக்கு. கருப்பூர், மாமாங்கம் பக்கம் தோண்டும் மாக்னசைட் வேறொன்றுமில்லை, மக்னீசியம் கார்பனேட்தான். பைக்கு மண் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பக்கத்து மண்ணாக இருந்தாலோ, கடினமான போர் தண்ணீர் ஊற்றினாலோ, மக்னீசியம் ஏற்கெனவே தாராளமாக இருக்கும். அதன்மேல் நீங்கள் போட்ட எப்சம் உப்பு மக்னீசியம் சல்பேட். எரிகிற தீயில் எண்ணெய்தான். யாருக்கோ எங்கோ பலன் தந்த வைத்தியம் இது. சேலத்தில் மண் பரிசோதனை பார்க்காமல் எப்சம் உப்பைத் தொடாதீர்கள். முட்டை ஓட்டால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. அது கரைய அமில மண் வேண்டும். நம் கார மண்ணில் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

செய்ய வேண்டியது இது. பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, செம்மண், நன்கு மக்கிய தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, பைக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜிப்சம் சேருங்கள். ஜிப்சம் சுண்ணாம்புச் சத்தைத் தரும், காரத்தை ஏற்றாது. சேலத்துக்கு டோலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் வேண்டாம், அதிலும் மக்னீசியம் உண்டு. பை 15 அங்குல அகலம், அதே ஆழம் இருந்தால் ஈரம் நின்று பிடிக்கும். தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். மேட்டூர்த் தண்ணீர் வரும் நாட்களில் ஒரு பீப்பாயில் பிடித்து வைத்துச் செடிக்குக் கொடுங்கள். ஆர்.ஓ. மெஷினில் கழிந்து வரும் தண்ணீரை ‘வீணாகப் போகிறதே’ என்று செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பாத்திரம் கழுவ, மாடி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தக்காளிக்கு அது உப்புத் தண்ணீர். நீள வாக்குப் பழ ரகங்களில் இந்தக் கோளாறு கூடுதல் என்பதால் முட்டை வடிவத் தக்காளியை மாடியில் தவிர்த்துவிடுவது நல்லது.

ஹைபிரிட் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பே இல்லை. ஹைபிரிட் என்றால் மரபணு மாற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு ரகங்களின் பூவைக் கையால் கலந்து எடுத்த விதைதான் ஹைபிரிட். மரபணு மாற்றத் தக்காளி நம் நாட்டில் சாகுபடிக்கே வரவில்லை. ஆனால் எல்லா ஹைபிரிட்டும் ஒரே நோக்கத்தில் வந்தவை அல்ல. ‘பெங்களூர் தக்காளி’ என்று நாம் சொல்லும் கெட்டித் தோல் பழம் லாரிக்காகச் செய்தது. பெட்டியில் அடுக்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் இறங்கினாலும் நசுங்காது. குழம்பில் போட்டால் தோல் தனியாகச் சுருண்டு நிற்கும், ரசத்தில் புளியைக் கூட்டினால்தான் சரிவரும். மாடியிலிருந்து அடுப்படிக்கு இறங்கும் தக்காளிக்கு அந்தக் கெட்டித்தனம் எதற்கு?

அந்தப் பச்சைத் தோள்பட்டைக்கும் ஒரு கதை உண்டு. வியாபாரிகளுக்குப் பழம் முழுக்க ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்பதால், பச்சைத் தோள் இல்லாத செடிகளையே வெளிநாடுகளில் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துவந்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அப்படித் தேர்ந்தெடுத்தபோது காயிலேயே பச்சையத்தைப் பெருக்கிச் சர்க்கரை சேர்க்கும் ஒரு மரபணுவின் வேலையும் சேர்ந்தே போய்விட்டது தெரியவந்தது. சந்தையில் தோள் பச்சையாக இருந்தால் ‘பழுக்கவில்லை’ என்று ஒதுக்குகிறோம். உங்கள் பி.கே.எம். செடியில் அதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள்.

ஹைபிரிட்டை நான் சிபாரிசு செய்வது ருசிக்காக இல்லை, நோய்க்காக. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் எதிர்த்து நிற்கும். வெயில் ஏற ஏறச் சேலத்தில் வெள்ளை ஈ பெருகி, அது பரப்பும் இலைச்சுருட்டு வைரஸால் இலை மேல்நோக்கிக் குவிந்து செடி குட்டையாகிப்போகும். அப்போதும் ஓரளவு தாக்குப்பிடிக்க மாடியில் மீதி இரண்டு பையில் இதை வையுங்கள். பழம் பெரிது, கெட்டி. சட்னிக்கும் தொக்குக்கும் ஆகும். பி.கே.எம். 1க்கு இந்த எதிர்ப்பு இல்லை. ஆகவே அந்த நாற்றை முதல் 25 நாளும் நெருக்கமான கண்ணுள்ள நைலான் வலைக்குள் வளர்த்துவிட வேண்டும். சிறு வயதில் வைரஸ் ஏறினால் அந்தச் செடியில் காய் எதிர்பார்க்க முடியாது. பெரிய செடியில் ஏறினால் பாதியாவது எடுக்கலாம்.

இப்போது மலை ஏறுவோம். நாகலூரில் உங்களுக்கு வந்தது இரண்டு வேறு வேறு நோய் என்று படுகிறது. ஆடியில் ஒரே வாரத்தில் கருகியது பின்பருவக் கருகல். மழையும் பனிமூட்டமும் சேர்ந்து இலை காயாமலே கிடக்கும்போது, 15, 20 டிகிரிக் குளிர்ச்சியில் வேகமாகப் பரவும். அதிகாலையில் கருகிய இலையைத் திருப்பிப் பார்த்தால் புள்ளியின் ஓரத்தில் வெள்ளையாக மெல்லிய பூசணம் தெரியும். வெயில் வந்தால் மறைந்துவிடும். உருளைக்கிழங்கையும் தாக்கும் நோய் இது. ஆடியிலிருந்து கார்த்திகைவரை நாகலூரில் திறந்தவெளியில் தக்காளி வைப்பதே வேண்டாத வேலை. எந்த ரகமானாலும் மேலே பாலித்தீன் கூரையும் நாலு பக்கமும் காற்றும் வேண்டும்.

பச்சையாகவே வாடியது பாக்டீரியா வாடலாக இருக்கலாம். உறுதிசெய்வது சுலபம். இனி ஒரு செடி அப்படி வாடினால் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆட்டக் கூடாது. சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல வெண்மையான இழை கீழே இறங்கினால் பாக்டீரியாதான். மருந்து எதுவும் பலிக்காது. அந்த இடத்தில் பல வருஷம் தக்காளி, கத்தரி, மிளகாய், மணத்தக்காளி எதுவும் வேண்டாம். சரிவு நிலம் ஆனதால், அங்கிருந்து மழைத்தண்ணீர் வழிந்து இறங்கும் பாதையிலும் நடாதீர்கள்.

மலைக்கு நான் சொல்லும் ரகம் அதே பெங்களூர் நிறுவனத்தின் அர்கா அபேத். ரக்ஷக் எதிர்க்கும் மூன்றோடு பின்பருவக் கருகலையும் எதிர்க்கும். எதிர்ப்பு என்றால் நோயே வராது என்று அர்த்தமில்லை, வந்தாலும் ஒரு வாரத்தில் தோட்டம் காலியாகாது. மண் விஷயத்தில் சேலத்துக்குச் சொன்னதைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். காப்பிக்கும் சில்வர் ஓக்குக்கும் நடுவில் கிடக்கும் சேர்வராயன் மண் அமில மண், மழை அதன் சத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. அங்கே டோலமைட் நல்லது, முட்டை ஓடுகூட மெல்லக் கரையும். அளவை மண் பரிசோதனை பார்த்து முடிவுசெய்யுங்கள்.

அந்தக் கலர் விதையில் மிச்சம் இருக்கிறதா? தூக்கி எறிய வேண்டாம். மார்கழியில் நாகலூரில் விதைத்து, தைக் கடைசியில், பழைய செடி வாடாத வேறு இடத்தில் நடுங்கள். அதற்கு வேண்டிய குளிர்ந்த இரவும் காய்ந்த பகலும் நம் பக்கத்தில் கிடைப்பது அங்கேதான். கொடிக்கு நல்ல பந்தல் கட்டி, அடி இலைகளைக் கிள்ளி, வேரில் மட்டும் தண்ணீர் விட்டால், கோடை விழாவுக்கு ஏற்காட்டில் கூட்டம் சேரும் சமயத்தில் பழம் பறிக்கலாம். கோடை மழை பெய்யும் வாரத்தில் பெரிய பழம் வெடிக்கும். லேசாக நிறம் மாறியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்கவையுங்கள். மாடியில் பங்குனியில் கடைசியாக வரும் பழத்துக்கும் இதே வழிதான். 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறம் சரியாக ஏறாது, செடியிலேயே விட்டால் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும்.

விதை எடுப்பது பி.கே.எம். 1, பையூர் 1 இரண்டிலும் முடியும். தக்காளி தன் பூவிலேயே கருவுறுவது, அடுத்த தலைமுறையும் அப்படியே வரும். அர்கா ரக்ஷக், அபேத் இரண்டும் ஹைபிரிட் என்பதால் அவற்றில் எடுத்தால் செடிக்கொரு குணமாக வரும், நோய் எதிர்ப்புக்கும் உத்தரவாதம் இல்லை. ஆரோக்கியமான செடியில் நன்றாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, விதையைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்கவிடுங்கள். மேலே ஆடை கட்டி, விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்புப் போயிருக்கும். மூன்றாம் நாள் தாண்டினால் கிண்ணத்திலேயே முளைவிடும். அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, தட்டில் நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட்டு வையுங்கள். ஈரம் படாமல் இருந்தால் மூன்று, நாலு வருஷம் முளைக்கும்.

பி.கே.எம். 1 விதைக்கு முதலில் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். மண் பரிசோதனை பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம், மாடி மண்ணையும் நாகலூர் மண்ணையும் தனித்தனிப் பையில் பேர் எழுதிக் கொண்டுபோங்கள். மலைப் பயிர் சந்தேகத்துக்கு ஏற்காட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அர்கா ரகங்களைப் பெங்களூர் நிறுவனத்திடமிருந்தே சிறு பாக்கெட்டாக வாங்கலாம். எங்கே வாங்கினாலும் உறையில் ரகத்தின் பெயரும் விதை சோதித்த தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஹைபிரிட் தக்காளி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஐப்பசிக்கு முன்னால் விதை கைக்கு வந்துவிட வேண்டும்.